மின்வேதியியலில் வேதிப்பொறியியல் பேராசிரியர் ஆவது எப்படி: பி.டெக். முதல் சொந்த ஆய்வகம் வரை

பேட்டரி, ஹைட்ரஜன், எரிபொருள் மின்கலம் என்று ஆய்வு செய்து, ஒரு வேதிப்பொறியியல் துறையில் ஆசிரியராகச் சேர வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்தப் பாதையில் தடுக்கித் தடுக்கி நடந்தவன். இப்போது நேர்காணல் மேசைக்கு மறுபக்கம் உட்காருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் திறமைக் குறைவால் தோற்பதில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருப்பார்கள், வரிசைதான் மாறியிருக்கும். அதனால் இங்கே வரிசைக்கே முதலிடம்.

1. எந்தத் துறையின் கதவைத் தட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மின்வேதியியலுக்கு மூன்று வீடுகள் உண்டு: வேதியியல் துறை, உலோகவியல் அல்லது பொருளறிவியல் துறை, வேதிப்பொறியியல் துறை. மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்து மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் கருவி மூன்றிலும் ஒன்றுதான். வேலைக்கு எடுக்கும்போது கேட்கிற கேள்விதான் வேறு.

வேதியியல் துறை "என்ன வினை நடக்கிறது?" என்று கேட்கும். வேதிப்பொறியியல் துறை "அந்த வினை எவ்வளவு வேகத்தில், எவ்வளவு பெரிய கலத்தில், எவ்வளவு மின்சாரச் செலவில் நடக்கிறது? வேகத்தைக் கட்டுப்படுத்துவது எது?" என்று கேட்கும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லப் பழகாதவர், நல்ல இதழ்களில் இருபது கட்டுரை வெளியிட்டிருந்தாலும் எங்கள் மேசையில் திணறிப்போகிறார்.

தகுதிச் சிக்கலும் உண்டு. பல வேதிப்பொறியியல் துறைகள், பட்டங்களில் ஏதாவது ஒன்றாவது வேதிப்பொறியியலிலோ அதற்கு நெருங்கிய துறையிலோ இருக்க வேண்டும் என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுகின்றன. எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர்கள் முனைவர் பட்டத்தையாவது வேதிப்பொறியியல் துறையில் பதிவு செய்வது நல்லது. பட்டம் வாங்கிய பிறகு இதை மாற்ற வழியில்லை. ஆகவே இதுதான் முதல் படி.

2. பி.டெக். காலத்தில்: மின்வேதியியலுக்கு முன்னால் வேதிப்பொறியியல்

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், நாம் சிக்ரி என்று அழைக்கும் இடத்தில், வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் என்றே ஒரு பி.டெக். படிப்பு அண்ணா பல்கலைக்கழக இணைப்போடு நடக்கிறது. அது அபூர்வமான விதிவிலக்கு. மற்ற கல்லூரிகளில் முதலாண்டு வேதியியல் பாடத்தில் நெர்ன்ஸ்ட் சமன்பாடும் துருப்பிடித்தலும் ஓர் அலகாக வந்துபோகும். அதோடு சரி.

பரவாயில்லை. மின்வேதியியலைப் பிறகு படித்துக்கொள்ளலாம். ஆனால் பாய்ம இயக்கவியல், வெப்பமாற்றம், நிறைமாற்றம், வினைப் பொறியியல், வெப்ப இயக்கவியல் ஆகிய ஐந்தையும் இப்போது விட்டால் பிறகு உட்கார்ந்து படிக்க நேரம் கிடைக்காது. நுண்துளை மின்முனையைப் பற்றிய கணக்கு, வினையூக்கி உருண்டைக்குள் பொருள் ஊடுருவும் கணக்கின் உடன்பிறப்பு. வினைப் பொறியியலில் தீலே எண்ணை (வினை வேகத்தையும் ஊடுருவல் வேகத்தையும் ஒப்பிடும் எண்) புரிந்துகொண்டவருக்கு மின்முனையின் தடிமனை ஏன் கண்டபடி கூட்டக்கூடாது என்பது பாதி புரிந்துவிட்டது என்று பொருள்.

கூடவே பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும், பைத்தானோ மேட்லாபோ ஏதாவது ஒன்றும் வேண்டும். "கணக்கு எனக்கு வராது, அதனால் ஆய்வகப் பக்கம் போகிறேன்" என்று சொல்லும் மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அந்தக் காரணத்துக்காக வருவதாக இருந்தால் இந்தத் துறை வேண்டாம். கணக்கு இங்கேயும் துரத்திக்கொண்டு வரும்.

3. நுழைவுத் தேர்வு

வேதிப்பொறியியலுக்கு கேட் தேர்வு. மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். மதிப்பெண் அட்டை மூன்று ஆண்டுகள் செல்லும். ஐ.ஐ.டி.களில் பி.டெக். முடித்த கையோடு நேரடியாக முனைவர் பட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம், எம்.டெக். முடித்தும் போகலாம்.

எனக்குக் கேட்டால் எம்.டெக். வழியே போகச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: எம்.டெக். ஆய்வு மின்வேதியியலில் இருக்க வேண்டும். ஓராண்டுத் திட்டப்பணியிலேயே இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே விலகிக்கொள்ளலாம். முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் அதைக் கண்டுபிடிப்பது பெருந்துன்பம்.

ஆய்வு உதவித்தொகை பற்றி வீட்டில் கேட்பார்கள். 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் இளநிலை ஆய்வாளர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. இதை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எளிதல்ல என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

4. வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

பேரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். போவதற்கு முன் அந்த ஆய்வகத்தில் முடித்தவர்களின் இரண்டு ஆய்வேடுகளை வாங்கிப் படியுங்கள். கட்டுரைகளில் வெற்றிகள் மட்டும் இருக்கும். ஆய்வேட்டில்தான் என்ன கருவி இருந்தது, எது பழுதானது, எதற்காக ஓராண்டு வீணானது என்பதெல்லாம் வரிகளுக்கு இடையே தெரியும்.

பிறகு அங்கே இப்போது இருக்கும் மாணவர்களிடம், ஆசிரியர் இல்லாத நேரத்தில், மூன்று கேள்விகள் கேளுங்கள். பொட்டென்ஷியோஸ்டாட்டில் ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? கடைசியாக முடித்தவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின? முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் கவனமாக இருங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள்: அந்த ஆய்வகத்தில் சோதனை செய்பவர்களும் கணக்கீடு செய்பவர்களும் சேர்ந்து தேநீர் குடிக்கிறார்களா? விளையாட்டாகச் சொல்லவில்லை. பின்னால் ஆறாம் படியில் அது ஏன் என்று தெரியும்.

5. முனைவர் பட்டத்தின் முதல் ஆறு மாதம்: புதுப் பொருள் செய்யாதீர்கள், அளக்கப் பழகுங்கள்

புதியவர்கள் அதிகம் விழுவது இங்கேதான். வந்த முதல் வாரமே ஒரு கருப்புப் பொடியைத் தயாரித்து, மின்முனையில் தடவி, வளைவரை எடுத்து, "சார், இது பிளாட்டினத்தை விடச் சிறப்பாக இருக்கிறது" என்று ஓடி வருவார்கள். பெரும்பாலும் அது பிளாட்டினமாகத்தான் இருக்கும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சரியான வரிசை இது. முதலில் கருவியோடு வரும் போலிக் கலத்தை, அதாவது மதிப்பு தெரிந்த மின்தடையை, இணைத்து அளந்து பாருங்கள். ஓம் விதி வரவில்லை என்றால் கம்பியில்தான் கோளாறு. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போனால் ஒரு மாதத்துத் தரவு குப்பைக்குப் போகும்.

அடுத்து, கண்ணாடிக் கரி மின்முனையை 1, 0.3, 0.05 மைக்ரான் அலுமினாவில் அந்த வரிசையிலேயே தேய்த்து, ஃபெர்ரிசயனைடு கரைசலில் சுழல் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பார்க்கும் அளவீடு) எடுங்கள். இரண்டு உச்சிகளுக்கும் இடைவெளி 59 மில்லிவோல்ட்டுக்கு அருகில் வர வேண்டும். எழுபது வரை பொறுத்துக்கொள்ளலாம். நூற்றுமுப்பது வந்தால் மீண்டும் தேய்க்க வேண்டும். உச்சி மின்னோட்டத்தை வருடல் வேகத்தின், அதாவது மின்னழுத்தத்தை மாற்றும் வேகத்தின், வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்க வேண்டும். இதைச் செய்ய என் மாணவர்களுக்கு மூன்று வாரம் கொடுக்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்த மூன்று வாரத்தில் கை பழகிவிடும்.

அதற்குப் பிறகு ஒப்பீட்டு மின்முனை, அதாவது மின்னழுத்தத்தை எதற்கு எதிராக அளக்கிறோமோ அந்த நிலையான மின்முனை. இரண்டு ஒப்பீட்டு மின்முனைகளை ஒரே கரைசலில் வைத்து அவற்றுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் வந்தால் ஒன்று கெட்டிருக்கிறது. எது என்று தெரிந்துகொள்ள மூன்றாவதாக ஒன்றை, யாரும் தொடாமல், பூட்டி வைத்திருக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு "மாமியார் மின்முனை" என்று பெயர். குறை சொல்ல மட்டும் வெளியே வரும்.

இனிப் பிழைகள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை இவை.

காரக் கரைசலில் கலோமெல் அல்லது வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையைப் போடுவது. ஹைட்ராக்சைடு உள்ளே புகுந்து அதன் மின்னழுத்தம் நாளுக்கு நாள் நகரும். வலிமையான காரத்துக்குப் பாதரசம்–பாதரச ஆக்சைடுதான் பொருத்தம்.

ஹைட்ரஜன் வெளியேற்ற வினையை ஆராயும்போது எதிர் மின்முனையாக (மின்சுற்றை முடிக்க எதிரே வைக்கும் துணை மின்முனையாக) பிளாட்டினக் கம்பி வைப்பது. நீண்ட நேரச் சோதனையில் அந்தப் பிளாட்டினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, உங்கள் பொருளின் மேல் படிகிறது. நாளாக ஆக "வினையூக்கி தன்னைத்தானே மேம்படுத்திக்கொள்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். கருப்புப் பொடி பிளாட்டினத்தைத் தோற்கடித்த கதை இதுதான். கிராஃபைட் கம்பி வைத்துவிட்டால் பாதிப் பெருமை கரைந்துவிடும்.

கரைசல் மின்தடையை மறப்பது. 10 ஓம் தடையில் 100 மில்லியாம்பியர் ஓடினால் 1 வோல்ட் அங்கேயே போய்விட்டது. அதைக் கழிக்காமல் வினைவேகம் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அதற்காக நூறு சதவீதமும் கருவியையே ஈடுசெய்யச் சொன்னால் அது அலைபாயத் தொடங்கிவிடும். எண்பது, எண்பத்தைந்து சதவீதம் போதும். மீதியைக் கையால் கழித்துவிட்டு, எவ்வளவு கழித்தீர்கள் என்று கட்டுரையில் எழுதுங்கள்.

இம்பிடென்ஸ் (பல அதிர்வெண்களில் அளக்கும் மாறுமின்னோட்டத் தடை) வரைபடத்தில் இரண்டரை அரைவட்டம் வந்ததும், மென்பொருளில் மின்சுற்று உறுப்புகளைச் சேர்த்துக்கொண்டே போய்ப் பொருத்துவது. உறுப்பு கூடக்கூடப் பொருத்தம் அழகாகத்தான் வரும். ஒவ்வொரு உறுப்பும் கலத்தில் எதைக் குறிக்கிறது என்று சொல்ல முடியவில்லை என்றால் அதை எடுத்துவிடுங்கள். பொருத்துவதற்கு முன் தரவு, தனக்குள் முரண்படுகிறதா என்று காட்டும் கிராமர்ஸ்–குரோனிக் சோதனையில் தேறுகிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஒருமுறை ஏற்றி இறக்கும் சுற்றுக்கு 99.9 சதவீதம் கூலும் திறன் (ஏற்றிய மின்னூட்டத்தில் திரும்பக் கிடைக்கும் பங்கு) என்று பெருமையாகப் போடுவார்கள். லித்தியம் அளவோடு இருக்கும் முழுக்கலத்தில் அந்த எண்ணை ஆயிரம் முறை பெருக்கிப் பாருங்கள், 37 சதவீதம்தான் மிஞ்சும். 99.99 இருந்தால் 90 மிஞ்சும். எதிரே லித்தியம் தகட்டைத் தாராளமாக வைத்த அரைக்கலம் இந்த இழப்பை மறைத்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு அரைக்கலத் தரவைக் காட்டுவதில் தவறில்லை.

6. சோதனையோடு ஒரு மாதிரியாக்கமும் வேண்டும்

முதல் ஆண்டு முடிவதற்குள், உங்கள் கலத்துக்கு ஒரு கணித மாதிரி எழுதிவிடுங்கள். பெரிதாக வேண்டாம். லித்தியம் அயனிக் கலம் என்றால், ஒவ்வொரு மின்முனையையும் ஒரே துகளாகக் கொள்ளும் ஒற்றைத் துகள் மாதிரியில் தொடங்கலாம். பிறகு மின்முனையின் தடிமனையும் கணக்கில் எடுக்கும், 1993இல் வெளியான டாயில்–ஃபுல்லர்–நியூமன் மாதிரிக்குப் போகலாம். இப்போது பைபாம் என்ற திறந்தமூல மென்பொருளில் இரண்டும் ஆயத்தமாக இருக்கின்றன.

ஆயத்தமாக இருப்பதுதான் சிக்கலும். ஒருமுறையாவது ஒற்றைத் துகள் மாதிரியைச் சொந்தமாக எழுதி, அந்த மென்பொருளின் விடையோடு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் எந்த அளபுரு எதைக் கட்டுப்படுத்துகிறது என்ற உணர்வு வராது. நேர்காணலில் கேட்கப்படுவது அந்த உணர்வைத்தான்.

கட்டுரையை எங்கே வெளியிடுவது என்று கேட்பவர்களுக்கு: பொருள் புதிதாக இருந்தால் பொருளறிவியல் இதழ்கள் எடுத்துக்கொள்ளும். உங்கள் கட்டுரைகளில் ஒன்றிரண்டாவது மின்வேதியியல் கழகத்தின் இதழிலோ எலெக்ட்ரோகிமிக்கா ஆக்டாவிலோ இருக்கட்டும். அங்கே மதிப்பிடுகிறவர்கள் ஒப்பீட்டு மின்முனையைப் பற்றிக் கேட்பார்கள். வலிக்கும், ஆனால் அந்த மதிப்புரைகள் இலவசப் பாடம்.

7. முதுமுனைவர் ஆய்வு

முனைவர் பட்டத்துக்குப் பிறகு இன்னோர் ஆய்வகத்தில் செய்யும் இந்த ஆய்வுக்கு, பட்டத்தின் கடைசி ஆண்டிலேயே இடம் தேடத் தொடங்குங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு தேடலாம் என்று இருப்பது, ஆறேழு மாத வருமானத்தை இழப்பது.

காலக்கெடுக்களைக் கவனியுங்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகையில் முதுமுனைவர் பிரிவுக்கு முனைவர் பட்டம் பெற்ற நான்கு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, அது மூடும் நாளும் உண்டு. பட்டம் வாங்கிய தேதியிலிருந்து எண்ணி ஓர் அட்டவணை போட்டு சுவரில் ஒட்டுங்கள்.

எங்கே போவது? முனைவர் பட்டத்தில் செய்ததையே இன்னொரு ஊரில் செய்யப் போகாதீர்கள். சோதனை செய்தவர் மாதிரியாக்கத்துக்கும், மாதிரி எழுதியவர் கலம் கட்டும் இடத்துக்கும் போக வேண்டும். பேட்டரி செய்தவர் மின்பகுப்புப் பக்கம் போகலாம். காரணம் எளிது. ஆசிரியர் வேலைக்கு வரும்போது, "இது உங்கள் வழிகாட்டியின் யோசனையா, உங்களுடையதா?" என்று கேட்பார்கள். இரண்டு இடங்களில் கற்றதை ஒன்றாகச் சேர்த்து மூன்றாவதாக ஒன்றைக் காட்டுபவரிடம் அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

கிளம்பும் நாளில் செய்ய வேண்டிய ஒரு சிறிய வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

8. விண்ணப்பம்

ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் உதவிப் பேராசிரியர் முதல் நிலைக்கு, முனைவர் பட்டத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள். ஊதிய நிலை 12, தொடக்கம் 1,01,500 ரூபாய். அனுபவம் குறைந்தவர்களை இரண்டாம் நிலையில் ஒப்பந்தமாக எடுப்பார்கள். முந்தைய பட்டத்தில் முதல் வகுப்பு வேண்டும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதியின்கீழ் வரும் பொறியியல் கல்லூரிகளில் நுழைவதற்கு முதுநிலைப் பட்டம் போதும், மேலே ஏறுவதற்குத்தான் முனைவர் பட்டம். தனியார் பல்கலைக்கழகங்களில் விதி ஒன்று, பேரம் ஒன்று. சேரும் முன் வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பதினாறு மணி வகுப்பு எடுத்துக்கொண்டு மின்வேதியியல் ஆய்வகம் நடத்துவது நடக்காத காரியம்.

ஆய்வுத் திட்ட அறிக்கைதான் விண்ணப்பத்தின் உயிர். மூன்று சிக்கல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கையில் இருக்கும் திறமையால் ஓராண்டுக்குள் முடியக்கூடியது. ஒன்று, மூன்றாண்டுக்கு. ஒன்று, தோற்றாலும் வெட்கமில்லாத அளவுக்குப் பெரியது. ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன கருவி வேண்டும், அது அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே இருக்கிறதா, இல்லை என்றால் தோராயமாக என்ன விலை என்று எழுதுங்கள். இந்த வரியை எழுதுபவர்கள் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. எழுதியவரைத் துறைத்தலைவர் மறக்க மாட்டார்.

கற்பித்தல் அறிக்கையில் "மின்வேதிப் பொறியியல்" என்று மட்டும் எழுதாதீர்கள். துறைக்கு அது விருப்பப்பாடம். கட்டாயப் பாடங்களில் எதை எடுப்பீர்கள் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். பாய்ம இயக்கவியலோ நிறைமாற்றமோ எடுக்கத் தயார் என்று எழுதுங்கள், உண்மையிலேயே தயாராகவும் இருங்கள்.

9. நேர்காணல்: கரும்பலகைக்குப் போகத் தயாராக இருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நேர்காணல். வந்தவர் ஆக்சிஜன் ஒடுக்க வினையில் வேலை செய்தவர். படங்கள் அழகு, கட்டுரைகள் நிறைய. ஒரு படத்தில் "எங்கள் வினையூக்கி எல்லை மின்னோட்டத்தை உயர்த்துகிறது" என்று இருந்தது. எல்லை மின்னோட்டம் என்பது, வினைப்பொருள் மின்முனைக்கு வந்து சேரும் வேகம் அனுமதிக்கும் அதிகபட்ச மின்னோட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த பேராசிரியர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீர், கலக்கவில்லை. மின்முனைக்கு முன்னால் 100 மைக்ரான் அளவுக்கு அசையாத படலம். எல்லை மின்னோட்டம் எவ்வளவு வரும்?"

கணக்கு இரண்டு நிமிடம்தான். ஆக்சிஜனின் செறிவு கன மீட்டருக்குச் சுமார் 0.26 மோல். விரவல் கெழு விநாடிக்கு 2×10⁻⁹ சதுர மீட்டர். எலக்ட்ரான் நான்கு, ஃபாரடே மாறிலி 96,485. பெருக்கிப் படலத் தடிமனால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 2 ஆம்பியர், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மில்லியாம்பியர். இந்தக் கணக்கில் வினையூக்கியின் பெயரே வரவில்லை. எலக்ட்ரான் எண்ணிக்கையை மாற்றுவதைத் தவிர, எல்லை மின்னோட்டத்தில் வினையூக்கிக்கு வேலை கிடையாது. அது நிறைமாற்றத்தின் வேலை. எரிபொருள் மின்கலத்தில் வாயுவை வினை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே கொண்டுவரும் வாயு விரவல் மின்முனை வைப்பதே இந்தக் கஞ்சத்தனமான எண்ணிலிருந்து தப்பிக்கத்தான்.

வந்தவர் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஃபாரடே மாறிலியை மட்டும் எழுதினார். அவர் கெட்டிக்காரர், அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் வேதிப்பொறியியல் துறைக்கு எடுக்க முடியவில்லை.

ஆகவே தயாரிப்பு இப்படி இருக்கட்டும். உங்கள் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், மேசையில் மடித்த காகிதத்தில் போடக்கூடிய ஒரு தோராயக் கணக்கு வேண்டும். கிடைத்த எண் ஏன் அந்த அளவில் இருக்கிறது, பத்து மடங்கு ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும். தெரியாத கேள்வி வந்தால் தெரிந்த சமன்பாட்டிலிருந்து உரக்கச் சிந்தித்துக்கொண்டே போங்கள். விடை வராவிட்டாலும் வழி தெரிந்தால் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

10. முதல் ஆண்டு: கருவி வாங்குவதற்கு முன் அறையைத் தயார் செய்யுங்கள்

வேலை கிடைத்ததும் எல்லோரும் முதலில் செய்வது கருவிப் பட்டியல் போடுவது. நானும் அதைத்தான் செய்தேன். தொடக்க நிதியில் குளோவ் பாக்ஸுக்கு, அதாவது காற்றும் ஈரமும் புகாமல் கையுறை வழியே வேலை செய்யும் பெட்டிக்கு, ஆணை கொடுத்தேன். ஒருநாள் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. ஆய்வகக் கதவை விடப் பெட்டி ஒரு சாண் அகலம். பெட்டியைப் பிரித்தும் போகவில்லை. கதவு நிலையை எடுக்க அனுமதி கேட்டுக் கோப்பு நகர்ந்து நகர்ந்து வருவதற்குள் இரண்டு மாதம் தாழ்வாரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. உத்தரவாதக் காலம் இறங்கிய நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

எனவே வரிசை: முதலில் அளவு நாடா. கதவு, மின்தூக்கி, திருப்பம் எல்லாவற்றையும் அளந்து ஆணையிலேயே எழுதுங்கள். இரண்டாவது மின்சாரம். தனி நிலத்தொடர்பு போடச் சொல்லுங்கள். நம் கட்டடங்களில் நிலத்தொடர்பு சரியில்லை என்றால் நுண்ணிய மின்னோட்ட அளவீடுகளில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அலையலையாக ஏறி நிற்கும். அதை வடிகட்டி மறைக்கலாம், ஆனால் கூடவே தரவும் போகும். சுற்றுச் சோதனை மாதக்கணக்கில் ஓடும் என்பதால் யு.பி.எஸ். கட்டாயம்.

மூன்றாவது வாயுக் குழாயும் புகைபோக்கியும். ஆர்கான் சிலிண்டர் தீர்ந்த அன்றே அடுத்தது வரும் என்று நம்பாதீர்கள். எப்போதும் ஒன்று கூடுதலாக நிற்கட்டும். குளோவ் பாக்ஸுக்குள் ஈரமும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். சென்னைக் காற்றில் லித்தியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் உப்பைத் திறந்தால் ஈரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும். மாணவர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய பாடம் அது.

நான்காவதுதான் கருவிகள். முதலில் ஒற்றைத் தடம் உள்ள நல்ல பொட்டென்ஷியோஸ்டாட் ஒன்று, இம்பிடென்ஸ் வசதியோடு. அதற்குப் பிறகு பல தடங்கள் உள்ள பேட்டரிச் சோதனைக் கருவி. ஒரே பணத்தில் மலிவாக இரண்டு பொட்டென்ஷியோஸ்டாட் வாங்கலாமே என்று தோன்றும். வாங்கினால் இரண்டும் காட்டும் எண்ணில் எதை நம்புவது என்ற மூன்றாவது சிக்கலையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

கொள்முதல் விதிகளை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவரோடு முதல் மாதமே உட்கார்ந்து பேசுங்கள். ஐந்து நிமிடத்தில் அவர் சொல்வது உங்களுக்கு ஐந்து மாதம் மிச்சப்படுத்தும்.

11. ஆய்வு நிதியும் முதல் மாணவரும்

2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, முன்பு ஆய்வு நிதி வழங்கிய செர்ப் அமைப்பின் இடத்தைப் பிடித்திருக்கிறது. தொடக்கநிலை ஆசிரியர்களுக்கென்று அதில் தனித் திட்டம் உண்டு. சேர்ந்தவுடன் அறிவிப்புகளைப் பார்க்கத் தொடங்குங்கள். புதியவர்கள் வரவுசெலவில் செய்யும் தவறு, பணம் முழுவதையும் கருவியில் போட்டுவிட்டு நுகர்பொருளுக்குக் கொஞ்சமாக வைப்பது. அயனிப் பரிமாற்றச் சவ்வு, பிளாட்டினம், ஆர்கான், தூய லித்தியம் தகடு இவையெல்லாம் ஆண்டு முழுவதும் பணம் தின்னும்.

முதல் மாணவருக்கு உங்கள் பெருங்கனவைக் கொடுக்காதீர்கள். நீங்களே கைப்பழக்கத்தோடு செய்யக்கூடிய சிக்கலைக் கொடுங்கள். கருவி கெட்டால் நீங்கள் போய் உட்கார்ந்து சரிசெய்ய முடிய வேண்டும். முதல் மாணவர் தேறினால், இரண்டாவது மூன்றாவது மாணவர்களுக்கு அளக்கக் கற்றுக்கொடுப்பவர் அவர்தான்.

12. தொழிற்சாலைக்குப் போவது

பல ஆசிரியர்கள் இதைப் பதவி உயர்வுக்குப் பிறகு என்று தள்ளிப்போடுகிறார்கள். மூன்றாம் ஆண்டிலேயே தொடங்குங்கள். மேட்டூர், சாகுபுரம் போன்ற ஊர்களில் உப்புக் கரைசலை மின்பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் தொழில் நெடுங்காலமாக நடக்கிறது. இவர்களிடம் "புதிய நானோ பொருள்" என்று பேசினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மில்லிவோல்ட்டில் பேச வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு டன் குளோரினுக்கு ஃபாரடே விதிப்படி சுமார் 7,56,000 ஆம்பியர்-மணி வேண்டும். கல மின்னழுத்தத்தில் ஒரு வோல்ட் என்பது டன்னுக்கு 756 யூனிட். ஐம்பது மில்லிவோல்ட் குறைத்தால் டன்னுக்கு ஏறக்குறைய 38 யூனிட் மிச்சம். நாளுக்கு 100 டன் எடுக்கும் ஆலை என்றால் நாளொன்றுக்கு 3,800 யூனிட். இந்த எண்ணோடு போகிறவருக்கு நாற்காலி போடுவார்கள். மின்முலாம், துருத் தடுப்பு, ஓசூர் பக்கத்து மின்வாகனக்காரர்களின் பேட்டரிச் சிக்கல் எல்லாவற்றுக்கும் இதே அணுகுமுறைதான்.

13. பதவி உயர்வுக் கோப்பு

மத்திய நிறுவனங்களில் இணைப் பேராசிரியருக்கு ஆறு ஆண்டு அனுபவம், அதில் மூன்று ஆண்டு உதவிப் பேராசிரியராக. பேராசிரியருக்குப் பத்து ஆண்டு, அதில் நான்கு இணைப் பேராசிரியராக. அதுதான் குறைந்தபட்சம். உண்மையில் பார்ப்பது நீங்கள் வழிகாட்டி முடித்த முனைவர் பட்டங்கள், உங்கள் பெயரில் வந்த நிதி, வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டுக் கடிதங்கள். கடிதம் எழுதுகிறவர்கள் உங்களைக் கருத்தரங்குகளில் பார்த்திருக்க வேண்டும். காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட மின்வேதியியல் அறிவியல் தொழில்நுட்பச் சங்கத்தின் கூட்டங்கள் அதற்கு நல்ல தொடக்கம்.

ஏழாம் படியில் சொல்லாமல் விட்ட சிறிய வேலை இதுதான். வெளிநாட்டு ஆய்வகத்தை விட்டுக் கிளம்பும் நாளில், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பதவிப் பெயரும் போட்டு, நிறுவனத்தின் கடிதத்தாளில், கையொப்பத்தோடு ஓர் அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை. பத்து ஆண்டு கழித்து இங்கே பணியாளர் பிரிவில் அதைக் கேட்டார்கள். அதற்குள் என் பழைய பேராசிரியர் ஓய்வு பெற்றிருந்தார், துறைக்கு வேறு பெயர் வந்திருந்தது, மின்னஞ்சல் முகவரி எதுவும் வேலை செய்யவில்லை. அந்த ஒரு தாள் வந்து சேர ஏழு மாதம் ஆனது. அதுவரை என் கோப்பு மேசையின் இடது ஓரத்தில், மற்றக் கோப்புகளுக்கு அடியில் இருந்தது.